தையல்நாயகியின் மினிபஸ் நின்ற இடங்கள்

தையல்நாயகியின் மினிபஸ் முதன்முதலாகத் தானே நின்றது ஓணான்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் முந்திரிக்காடும் நடுவே செம்மண் புழுதியும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு வளைவில், ஒரு பஸ் நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லாத இடத்தில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் விழுந்தது, டிரைவர் கலியபெருமாள் ஆக்சிலேட்டரை மிதித்த மிதிக்கு வண்டி பறந்திருக்க வேண்டும். ஆனால் அது, யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வந்தபிறகு போகலாம் என்பதுபோல நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், ஒருவர் முன்சக்கரத்துக்கு எதிரே சூடம் கொளுத்திப் பார்த்தார், கலியபெருமாள் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எரிச்சலோடு வெளியே வந்தான். அப்போது முந்திரிக்காட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள், கக்கத்தில் ஆட்டுக்குட்டியோடு, மூச்சு வாங்க ஓடிவந்து, "இடையன்கொல்லை போவுமா?" என்று கேட்டு ஏறினார். அவர் கம்பியைப் பிடித்ததும் வண்டி கிளம்பியது.

செம்பறையூரில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் பக்கத்தில் பஸ் நிற்காமல் போவதுதான் வழக்கம், நிற்காமல் போனதைப் பற்றித் திட்டுவதற்குத்தான் எல்லோருக்கும் பழக்கம். நின்றுவிட்ட பஸ்ஸைப் பற்றி என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

நான் செம்பறையூர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். தனியார் பஸ் முதலாளிகள் சங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. ஒரு பஸ் கிளம்பவேண்டிய நிமிடம் வந்ததும் விசில் ஊதி அதை வெளியே துரத்துவதும், "என் டைமை அவன் தின்னுட்டான்" என்று சட்டையைப் பிடிக்க வரும் கண்டக்டர்களை விலக்கிவிடுவதும் என் வேலை. இந்த வேலையில் இருப்பவன் மனிதர்கள் எழுவதையும் விழுவதையும் நிறையப் பார்த்துவிடுவான். ஒரே சாலையில் ஒரே டீசலை ஊற்றி ஓட்டும் இருவரில் ஒருவர் இரண்டாவது பஸ் வாங்குகிறார், மற்றவர் இருந்த ஒன்றையும் விற்றுவிட்டுப் பெட்டிக்கடை வைக்கிறார். கணக்குத் தெரிந்தவர்கள் கவிழ்ந்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கொடிகட்டிப் பறந்திருக்கிறார்கள். ஏன் என்று என்னையே கேட்டுக்கேட்டு, ஐம்பதைத் தாண்டிய இந்த வயதில், எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: ஒருவர் எதற்காக விடியலில் எழுந்து செருப்பை மாட்டினாரோ அது அவருடைய தொழிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, பிறகு அது சொன்னபடிதான் தொழில் நடக்கிறது. இதையும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். தையல்நாயகியைப் பார்த்திராவிட்டால் இந்த அளவுக்குக்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

தையல்நாயகி முந்திரிக்கொட்டை உடைக்கிறவளாக இருந்தாள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பு எடுக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்து கருத்துவிடும்; அதற்காகக் கையில் சாம்பலை அப்பிக்கொள்வார்கள், அப்படியும் அந்தப் பெண்களின் விரல்கள் தார் போட்டவன் விரல்களைப் போலத்தான் இருக்கும். அந்தக் கைகளை பஸ்காரர்களுக்குப் பிடிக்காது. சீட்டு ரெக்சின் கருத்துப்போகிறது, பக்கத்தில் நிற்கிறவன் வேட்டி கறையாகிறது என்பார்கள். பொன்னிவளவன் டிரான்ஸ்போர்ட் பஸ்கள் கொட்டை உடைக்கும் கொட்டகை வாசலில் வேகத்தைக் குறைக்கும், கண்டக்டர் தலையை நீட்டி நிற்கிற பெண்களின் கைகளைப் பார்ப்பான், ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போய்விடும். அவன் இரண்டு அடிப்பான். தையல்நாயகி நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தாள், பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்தாள், புருஷன் செத்து காரியம் முடிந்த மறுநாளும் நடந்தாள். பிறகு சொந்தமாக ஒரு உடைப்புக் கொட்டகை போட்டு, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அதை விற்றுவிட்டு, ஒரு பழைய மினிபஸ்ஸையும் பொன்னிவளவனைத் தவிர வேறு யாருமே சீந்தாத ஒரு வழித்தடத்தையும் வாங்கினாள்.

"நல்லாப் போவுற கொட்டகைய வுட்டுட்டு இதென்னக்கா கூத்து?" என்று நான் கேட்டேன். அவள் என்னைவிட மூத்தவளா இளையவளா என்று இன்றுவரை தெரியாது, எல்லோருக்கும் அவள் அக்கா.

"அமிர்தலிங்கம் பஸ்ஸுக்கு முன்னால என் பஸ் போவணும். அவ்ளோதான்" என்றாள்.

"அதுக்காகவா?"

"ஏன், பத்தாதா?"

அமிர்தலிங்கம்தான் பொன்னிவளவன் டிரான்ஸ்போர்ட்டின் முதலாளி, எங்கள் சங்கத்தின் தலைவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வருவார். அவருடைய அப்பா ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்ததை இவர் ஒரு வரிசையாக ஆக்கியிருந்தார், அந்த வரிசையில் ஒன்றுகூட ஒரு நிமிடம் பிந்தாது என்பது அவருக்குப் பெருமை. காத்திருப்பது என்றால் அவருக்கு ஆகாது. டீ ஆறும்வரைகூடக் காத்திருக்கமாட்டார், சுட்டுக்கொண்டே குடிப்பார். அவருடைய பஸ்களும் அப்படியே ஓடின.

தையல்நாயகியின் வண்டியோ நிற்க ஆரம்பித்தது. ஓணான்குழிக்குப் பிறகு பனங்காட்டு ஓடைக்கரையில் நின்றது, இடிந்த செங்கல் சூளைக்கு எதிரே நின்றது, தைலமரத் தோப்பின் நடுவில் நின்றது. நின்ற ஒவ்வொரு இடத்திலும், கொஞ்ச நேரம் கழித்து, ஒற்றையடிப் பாதையிலோ வரப்பிலோ எவராவது ஒருவர் வந்து ஏறினார். மெக்கானிக் மஸ்தான் பாய் இன்ஜினை மூன்றாகப் பிரித்து மறுபடி பூட்டினார், பிறகு கையைத் துடைத்தபடி, "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு யாருக்காகவோ மனசு இருக்கு. அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாது" என்று சொல்லிக் கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது பட்டம்மா, தையல்நாயகியோடு கொட்டை உடைத்தவள், வாய் ஓயாதவள். தைலமரத் தோப்பில் வண்டி நின்றபோது சன்னலுக்கு வெளியே பார்த்தவள், "அடியே, இது நான் நின்ன எடம்டி" என்று எழுந்துவிட்டாள். "காய்ச்சல்ல கொதிக்கிற புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு இந்தக் கல்லுமேலதான் நின்னேன். மூணு பஸ்ஸு போச்சு. ஒரு பாவியும் நிறுத்தல." பின் சீட்டிலிருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார், செங்கல் சூளைக்கு எதிரேதான் தன் தங்கை பரீட்சைக்குப் போகமுடியாமல் நின்றாள் என்று. ஆட்டுக்குட்டிக்காரரை விசாரித்தார்கள், ஓணான்குழி வளைவில் அவருடைய அப்பா ஒருநாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதற்குமேல் சந்தேகம் இல்லை. எந்த இடத்தில் ஒருவர் கைகாட்டி, பஸ் நிற்காமல் போயிருந்ததோ, அந்த இடத்தை வண்டி அறிந்திருந்தது; நின்றவர் இப்போது இல்லாவிட்டாலும், அதே பாதையில் வரும் வேறொருவரை ஏற்றிக்கொள்ளாமல் அது நகராது.

ஊர் இதைத் தன் வழக்கங்களுக்குள் சேர்த்துக்கொண்ட விதத்தைத்தான் நான் அதிகம் ரசித்தேன். முதலில் இடங்களுக்குப் பேர் வந்தது: பட்டம்மா ஸ்டாப், பரீட்சை ஸ்டாப், தாலி மறந்த ஸ்டாப் (மாப்பிள்ளை வீட்டார் தாலியை மறந்து, திரும்ப எடுத்துவரப் போன ஆள் பஸ் கிடைக்காமல் நின்று, முகூர்த்தம் தவறி, பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை தாலி கட்டும்படி ஆன இடம்). பிறகு ஸ்டாப் உள்ள குடும்பங்கள், இல்லாத குடும்பங்கள் என்று பிரிவு வந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், "உங்க வூட்டுக்கு ஸ்டாப் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். டீக்கடை குழந்தைவேல் ஓடைக்கரைக்குத் தன் கடையைக் கொண்டுபோனார், அங்கே பால்காரர் வந்தார், அவருக்குப் பின்னால் தையல்காரர் வந்தார், காட்டுக்குள் முளைத்த ஊர்போல ஒன்று முளைத்தது. வண்டி ஒவ்வொரு நடையும் நிரம்பி வழிந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் எங்கே இருந்தார்கள் என்று சங்கத்து முதலாளிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். சாலையோரத்தில்தான் இருந்தார்கள். வேகமாகப் போகிறவனுக்கு அவர்கள் மரத்தைப் போலவும் கல்லைப் போலவும் தெரிந்திருப்பார்கள்.

பிளாட் போட்டு விற்கும் சந்திரகாசன் இதில் ஒரு வியாபாரம் கண்டார். தன் மனைக்கட்டுக்கு முன்னால் வண்டி நின்றால் நிலம் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, சில பெண்களைக் கூலிக்குப் பிடித்து, வேனில் கொண்டுபோய் இறக்கி, "வர்ற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுங்க, நிக்காமப் போவட்டும், மூஞ்சிய மட்டும் சோகமா வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தார். பொன்னிவளவன் பஸ்கள் வழக்கம்போல நிற்காமல் போயின. பெண்கள் நன்றாகவே சோகப்பட்டார்கள். பிறகு தையல்நாயகியின் வண்டி வந்தது, அதுதான் தானே நிற்குமே என்று அவர்கள் கையைத் தொங்கவிட்டு நிற்க, அதுவும் அவர்களைத் தாண்டி நேராகப் போய்விட்டது. சந்திரகாசன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த ஏமாற்றத்தில் அந்தப் பெண்களைத் திரும்பக் கூட்டிப்போக வேன் அனுப்ப மறந்துவிட்டார். வெயில் ஏறியது, தண்ணீர் தீர்ந்தது, அவர்கள் இப்போது நிஜமாகவே கைகாட்டினார்கள், இரண்டு பஸ்கள் நிஜமாகவே நிற்காமல் போயின. அடுத்த நடையில் தையல்நாயகியின் வண்டி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று சந்திரகாசன் அடுத்த ஊர்வரை கேட்கும்படி கூவினார். அந்தப் பெண்களில் ஒருத்தி சன்னல் வழியே அவரைத் திட்டிய திட்டில் பாதியைத்தான் நான் இங்கே எழுதமுடியும், எனவே எழுதாமல் விடுகிறேன். மனைகள் விற்றுப்போயின.

அமிர்தலிங்கத்துக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, காலியாக இருந்தன. அவர் தன் டிரைவர்களைக் கூப்பிட்டு ஒரு புதுச் சட்டம் போட்டார்: முந்திரி பஸ் (தையல்நாயகியின் வண்டியை அவர் அப்படித்தான் சொல்வார்) நின்றிருக்கும் இடத்தில் பொன்னிவளவன் நிற்கவே கூடாது, அங்கே எவன் கைகாட்டினாலும் சரி, அவள் நிறுத்தினால் நாமும் நிறுத்தினோம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. பிறகு ஒரு புகார் எழுதினார். தையல்நாயகியின் பர்மிட் தற்காலிகமானது. வண்டி நேரத்துக்கு ஓடுகிறது என்று காட்டினால்தான் நிரந்தரமாகும், இல்லையென்றால் ரத்து. புகார் சரியாகத்தான் இருந்தது. அந்த வண்டி ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதாக நாள் குறிக்கப்பட்டது. அருமைநாதன் என்று பெயர், அதிகம் பேசாதவர். காலை நடையில் அவரே ஏறி வருவார், பத்து மணிக்குள் வண்டி இடையன்கொல்லை போய்ச் சேரவேண்டும், புகார் கொடுத்தவரும் டைம்கீப்பரும் உடன் வரவேண்டும் என்று தகவல் வந்தது.

முதல்நாள் மாலை பஸ் நிலைய டீக்கடையில் கலியபெருமாள் ஒரு விஷயத்தைச் சொன்னான். முன்பொரு தடவை தையல்நாயகி உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தபோது வண்டி எங்கேயும் தானே நிற்கவில்லை, சாதாரண பஸ்ஸைப்போல நேராக ஓடியது, நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. "நீ உள்ள இருந்தாத்தான்க்கா அது நிக்குது. நாளைக்கி ஒருநாள் வூட்டுல இரு. நான் ஓட்டிட்டுப் போய்ட்டு பர்மிட்டோட வரேன்."

"அன்னிக்கி வழியில யாரும் நிக்கலியா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

கலியபெருமாள் டீ கிளாஸைப் பார்த்தான். "நின்னாங்க."

"நீ?"

"டைமுக்குப் போயிடலாம்னு ஒரு ஆசை வந்துடுச்சுக்கா."

அவள் அவனைத் திட்டவில்லை. டீயைக் குடித்துமுடித்து, கிளாஸைக் கழுவும் தொட்டியில் தானே வைத்துவிட்டு வந்து, "நாளைக்கி நான் வருவேன்" என்றாள்.

"பர்மிட்டு போயிடும்க்கா."

"போச்சுன்னா போவட்டும். நான் ஏறாத வண்டி எனக்கு எதுக்கு?"

அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று ஒன்று புரியாமல் போனது. அமிர்தலிங்கம் பஸ்ஸுக்கு முன்னால் போகவேண்டும் என்றுதான் இவள் வந்தாள், அதற்கு மிகச் சுலபமான வழியை அவளுடைய ஆளே சொல்கிறான், இவள் வேண்டாம் என்கிறாள். வந்த காரணம் ஒன்று, இருக்கிற காரணம் வேறு என்று ஆகிவிடுமா? அது எந்த இடத்தில் மாறியது, மாறியது அவளுக்காவது தெரியுமா? என்னைக் கேட்டால், நான் இந்த விசிலை எதற்காக ஊத ஆரம்பித்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

ஆனால் பட்டம்மாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அன்று மாலையே அவள் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். "நாளைக்கி வண்டிய யாரும் காக்கவைக்கக் கூடாது. முன்னாடியே வந்து நில்லுங்க. சில்லறைய கையில வச்சுக்குங்க. மூட்ட முடிச்சு வேணாம். ஏறினது தெரியாம ஏறணும்."

மறுநாள் காலை நான் விசில் ஊதினேன், வண்டி கிளம்பியது. முன் சீட்டில் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு அமிர்தலிங்கம், பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான், படிக்கட்டுக்கு அருகில் தையல்நாயகி, சன்னலோரம் பட்டம்மா. ஓணான்குழி வளைவில் வண்டி நின்றது. நின்றது என்று நான் நினைப்பதற்குள் நான்கு பேர் ஏறியிருந்தார்கள், வண்டி நகர்ந்திருந்தது. ஓடைக்கரையில் ஒரு கர்ப்பிணியை இரண்டு பேர் பல்லக்குபோலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பரீட்சை ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக, எறும்புபோல, ஒருவர் முதுகை ஒருவர் தொட்டபடி ஏறினார்கள். நின்று நின்று போகும் அந்த வண்டி நிற்காத வண்டிக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், பிறகு தன்னுடையதைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார்.

முந்திரிக்காட்டுப் பாதை மெயின் ரோட்டில் சேர்ந்து கொஞ்ச தூரம் போயிருக்கும். அங்கே மரம்கூட இல்லை, இரண்டு பக்கமும் உழாத கரம்பு, வெயில். வண்டி நின்றது.

இது யாருக்கும் தெரிந்த ஸ்டாப் இல்லை. பட்டம்மா சன்னலில் தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். வரப்பில் யாரும் வரவில்லை. கலியபெருமாள் கியரைப் போட்டான், எடுத்தான், போட்டான். என் கடிகாரத்தில் நேரம் இருந்தது, ஆனால் வீணாக்கும் அளவுக்கு இல்லை.

அமிர்தலிங்கம் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். அவர் எதுவும் செய்யவேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். ஆனால் சும்மா இருப்பது அவருக்கு வராது. கொஞ்ச நேரத்தில் விரலால் முழங்காலில் தாளம் போட்டார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார், எழுந்தார்.

"சார், கதை முடிஞ்சுது. இது இனிமே நகராது. பின்னாலயே நம்ம பஸ் வருது, வாங்க, அதுல போயி இடையன்கொல்லையில டிபன் சாப்பிடலாம்."

"நான் இந்த வண்டியைப் பார்க்க வந்தவன்" என்றார் அருமைநாதன். "பத்து மணிவரைக்கும் இதுலதான் இருப்பேன். நீங்க போங்க."

"போங்க முதலாளி, இட்லி ஆறிடப் போவுது" என்றாள் பட்டம்மா.

அமிர்தலிங்கம் இறங்கினார். சாலையோரத்தில், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் பொன்னிவளவன் பஸ் தெரிந்தது, பச்சையும் மஞ்சளுமாக, நேரத்துக்குச் சரியாக. அவர் கையைக் காட்டினார். பஸ் நெருங்கியது, வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை நீட்டினான். அவன் கண்ணுக்கு நின்றிருக்கும் முந்திரி பஸ் தெரிந்தது, அதன் பக்கத்தில் கைகாட்டும் ஓர் ஆள் தெரிந்தது, முதலாளி போட்ட சட்டம் ஞாபகம் வந்தது. இரண்டு விசில் அடித்தான்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கியபோது அமிர்தலிங்கம் அதே இடத்தில் நின்றிருந்தார், தூக்கிய கை தூக்கியபடியே. தலையிலிருந்து கால்வரை செம்மண்.

வண்டிக்குள் சிரிப்பு வெடித்தது. சில்லறையைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாம் சிந்திவிட்டார்கள். பட்டம்மா சீட்டை அறைந்து அறைந்து சிரித்தாள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தொண்டையைச் செருமினார். தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டுக்கு வந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஏறுங்க."

அவர் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகத்தான் நிக்குது. ஏறுங்க."

அவருக்குத் தெரிந்திருந்தது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: அவர் ஏறினால் வண்டி நகரும், பர்மிட் அவளுடையது, அவர் ஏறாமல் அந்த வெயிலில் இன்னும் கொஞ்சம் நின்றால் போதும், வெற்றி அவருடையது. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கண்டக்டர் பய என்னைப் பாத்தானா?" என்று அமிர்தலிங்கம் கேட்டார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"பாத்தான்" என்றாள் தையல்நாயகி. "எப்பவும் பாப்பாங்க. பாத்துட்டுத்தான் ரெண்டு விசில் அடிப்பாங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார், அது போகவில்லை, அப்படியே படியில் கால் வைத்தார். தையல்நாயகி கையை நீட்டினாள். கருத்த அந்த விரல்களை அவர் பார்த்தார், பிடித்துக்கொண்டு ஏறினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.

அந்த வண்டி அப்படி ஓடி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்தனை பேரைச் சுமந்துகொண்டு, சன்னல்கள் எல்லாம் தாளம் போட, கரம்பும் கருவேலமும் பின்னால் ஓட, அது மெயின் ரோட்டில் பறந்தது. முன்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு புள்ளி தெரிந்தது, புள்ளி பெட்டியானது, பெட்டி பஸ்ஸானது. கலியபெருமாள் ஹாரன் அடித்தான், பொன்னிவளவன் வழி விடவில்லை. அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கத்தியது: "ரைட்டுல ஏறுடா கலியபெருமாள்! அந்தப் பயலுக்கு வளைவுல கால் நடுங்கும், எனக்குத் தெரியும்! அமுக்கு!" அமிர்தலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து மண் உதிர, துள்ளிக்கொண்டிருந்தார். வளைவில் நாங்கள் முந்தினோம். வண்டியே கூரை பிய்ந்துபோவதுபோலக் கூச்சலிட்டது. நான் தையல்நாயகியைப் பார்த்தேன். எதற்காக அவள் கொட்டகையை விற்றாளோ, அது அவளுக்குப் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் சாலையின் மறுபக்கத்தில், யாராவது நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டு போனது.

பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். அருமைநாதன் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, "புகார்ல இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அமிர்தலிங்கம் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க பஸ் மேலதான் சார் ஒரு புகார் சொல்லணும்" என்றார். மறுநாளே தன் டிரைவர்களுக்குப் போட்ட சட்டத்தை எடுத்துவிட்டார். அந்தக் கண்டக்டரை வேலையை விட்டு எடுக்கவில்லை. சொன்னதைச் செய்தவன்தானே என்றார்.

பர்மிட் நிரந்தரமானது, அடுத்த அறுவடைக் காலத்துக்குள் தையல்நாயகி இரண்டாவது மினிபஸ் வாங்கினாள். பளபளவென்று புது வண்டி. முதல் நடைக்கு ஊரே திரண்டு வந்தது, நானும் விசில் ஊதிவிட்டு ஏறிக்கொண்டேன். அவள் படிக்கட்டுக்கு அருகில் நின்றாள். புது டிரைவர் அந்தோணிசாமி ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும், எப்போது தானே நிற்கும் என்று எதிர்பார்த்தபடி ஓட்டினான். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஓர் இடத்தில், சோளக்கொல்லை ஓரம், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு கிழவர் கையைக் காட்டினார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம், இதோ நிற்கப்போகிறது என்று. புது வண்டி அவரைத் தாண்டி, ஒரு சிணுங்கல்கூட இல்லாமல், நேராகப் போய்விட்டது.

அந்தோணிசாமி கண்ணாடியில் தையல்நாயகியைப் பார்த்தான், அவன் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, இது தானா நிக்கலியே?"

"நிக்காது போலருக்கு" என்றாள் அவள். அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன், இல்லை. "அதனால என்ன? இத நாமதான் நிறுத்தணும்."

பிறகு ஒரு விசில் அடித்தாள், "ரிவர்ஸ் எடு" என்றாள். வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. எதிரே வந்த லாரிகள் ஹாரன் அடித்தன, பின்னால் வந்த பைக்குகள் திட்டிக்கொண்டே ஒதுங்கின, பட்டம்மா பாதி உடம்பைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, "ஒதுங்குங்கய்யா, ஒதுங்குங்க, ஆளு நிக்கிது" என்று அத்தனை பேரையும் விரட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் புது மினிபஸ், நடுச்சாலையில், அத்தனை பேருக்கும் முன்னால், பின்பக்கமாகவே ஓடிப்போய் அந்தக் கிழவருக்கு எதிரே நின்றது.